அடுத்து வரப்போகும் தாயின் பெயரில்

அண்ணா,

இன்று காலை என் பெருவிரலில் ஊதா மை ஒட்டிக்கொண்டது. ஸ்டாம்ப் பேடில் அப்போதுதான் மை ஊற்றியிருக்கிறார்கள். தபாலை நீட்டிய பியூன் அதை மட்டும் சொல்லவில்லை. நான் முத்திரையை அழுத்திய வேகத்தில் விரல், கோட்டின் கை, பக்கத்திலிருந்த டீ கப் எல்லாம் ஊதா. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்டோர் வாசனை. உங்கள் சட்டைப்பையில் அந்தக் கறை இல்லாத ஒரு நாளை இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

முத்திரை குத்தி வாங்கிய கடிதம் என்ன தெரியுமா? ஜில்லாவிலுள்ள எல்லா அரசுப் பிரசவ அறைகளிலும் நம் லால் டப்பா, அந்தச் சிவப்புப் பெட்டி மாதிரி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. மராத்தியில் மூன்று பக்கம். முதலில் நின்றுகொண்டு படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்த பிறகுதான், நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன். சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, உங்களுக்கே தெரியும்.

தேஹு ரோடில் நம் இருவர் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. என் அப்பாவும் உங்கள் அப்பாவும் ஒரே ராணுவ டிப்போவில் வேலை பார்த்தவர்கள். காலையில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் ஏறும்போது நீங்கள் எனக்கு அண்ணன். என் மகளின் பரீட்சை, மாமியாரின் முழங்கால் வலி, ரேஷனில் வந்த கோதுமை என்று ஒன்று விடாமல் விசாரிப்பீர்கள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு போவோம். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் நீங்கள் ஸ்டோர் ஹெட் கிளார்க். அதற்கப்புறம் நான் யாரோ, நீங்கள் யாரோ. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, "சிஸ்டர்" என்பீர்கள்.

அடுத்து வரும் கேள்வி ஆஸ்பத்திரிக்கே மனப்பாடம்: "பழசு எங்க?"

பழையதை ஒப்படைத்தால்தான் புதியது. டியூப் லைட் வேண்டுமா, எரிந்துபோன டியூப் லைட்டைக் கொண்டு வா. துடைப்பம் வேண்டுமா, தேய்ந்த துடைப்பம் எங்கே? ஒருமுறை தெர்மாமீட்டர் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. கண்ணாடித் துண்டுகளைப் பொட்டலம் கட்டி உங்களிடம் கொண்டுவந்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் துண்டுகளை மேஜைமேல் வரிசையாக அடுக்கிப் பார்த்தீர்கள். "நுனி காணோமே சிஸ்டர்" என்றீர்கள். அன்று உங்களை நான் மனதுக்குள் திட்டியதை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. நுனியைத் தேடி வார்டு முழுக்கத் தவழ்ந்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்று வந்தது.

சாகணில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி. இரண்டாவது பிரசவம். குழந்தை நன்றாகப் பிறந்து, அழுது, துணியில் சுற்றியும் ஆகிவிட்டது. அப்புறம் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. பட்டப்பகல், டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். ஆனால் ஊசி மருந்து ஒரு அலமாரியில். அலமாரிச் சாவி மீட்டிங்குக்குப் போயிருந்த இன்சார்ஜ் சிஸ்டரிடம். பெரிய சைஸ் ஊசிக்குழாய் அடுத்த வார்டில். நீளக் கையுறை இன்னொரு வார்டில். நான் ஓடினேன், என்னோடு இருந்தவள் ஓடினாள், வார்டு ஆயா மௌசி ஓடினாள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தோம். அவளைக் காப்பாற்ற முடியவில்லை, அண்ணா. மருந்து இல்லாமல் அவள் சாகவில்லை. எல்லா மருந்தும் அதே கட்டடத்தில்தான் இருந்தது.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாகணில் கார் கம்பெனி லைனில் நிற்கும் என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் கேட்டுவிட்டு, "எங்க லைன்ல டூல் போர்டு இருக்கு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதே வடிவத்துல பெயிண்ட்ல கோடு போட்டிருக்கும். எதுனா ஒண்ணு எடத்துல இல்லன்னா கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள தெரியும். கைய நீட்டினா வரும். ஒரு போல்ட்டுக்கே இவ்ளோ பண்றோம்" என்றார். அன்று அட்டையில் ஒரு பெட்டி வரைந்தோம். ரத்தப்போக்கு வந்தால் என்னென்ன தேவையோ அத்தனையும் ஒரே பெட்டியில். ஒவ்வொன்றின் கீழும் அதன் வடிவத்தில் கோடு. பெட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். குளிரில் வைக்க வேண்டிய ஊசி மட்டும் அதே அறையின் ஃபிரிட்ஜில், சிவப்பு டப்பாவில். இதில் ராக்கெட் விடுகிற வித்தை எதுவுமில்லை.

நோட் எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் அதன் ஓரத்தில் "நல்ல யோசனை" என்று எழுதினார். அதுதான் முதல் கெட்ட சகுனம். அங்கிருந்து ஃபைல் மேஜை மேஜையாக யாத்திரை போனது. "எந்தத் தலைப்பின் கீழ்?" என்று ஒருவர் எழுதினார். "முன்னுதாரணம் உண்டா?" என்று இன்னொருவர். மூன்றாமவர் "பேசவும்" என்று மட்டும் எழுதியிருந்தார். யாரோடு, எதைப்பற்றி என்பது அவருக்கே வெளிச்சம். மருந்துக் கவுண்டரில் நோயாளியின் பெயர் இல்லாமல் ஒரு மாத்திரையும் வெளியே போகாது என்றார்கள். ரத்தப்போக்கு வந்த பிறகு பெயர் எழுதிக்கொண்டு வாருங்கள், உடனே தருகிறோம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கடைசியாக ஃபைல் உங்களிடம் வந்தது. பெட்டி ஸ்டோரிலிருந்து வர வேண்டும். நீங்கள் படித்துப் பார்த்தீர்கள், கண்ணாடியைக் கழற்றினீர்கள், கேட்டீர்கள்.

"பழசு எங்க சிஸ்டர்?"

இதுவரை இல்லாத ஒரு பொருளுக்குப் பழசு எங்கிருந்து வரும்? அன்று அப்படியே வார்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுநாள் ரயிலில், ஆக்குர்டி தாண்டியிருக்கும், வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "இன்னாம்மா, மூஞ்சி உம்முனு கீது" என்று நீங்கள் அண்ணனாகக் கேட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பழசுதானே கேட்டீங்க? போன மாசம் ஒரு பொண்ணு செத்துப்போனா. அவளக் கொண்டாந்து ஒப்படைக்கட்டுமா? ஒப்படைச்சா புதுசு குடுப்பீங்களா?"

ரயில் பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தமிழ் புரியாதவர்களுக்கும் குரல் புரிந்திருக்கும். பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தீர்கள். சிஞ்ச்வட்டில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டீர்கள். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவிக் கோளாறு. ஆனால் அன்று சொன்னதற்காக வெட்கப்படவும் இல்லை.

நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் பிரசவ அறை வாசலில் நீங்கள் நின்றீர்கள். அத்தனை வருட சர்வீஸில் அந்த வாசலுக்கு நீங்கள் வந்தது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு எண்ணி எண்ணிக் கொடுத்ததெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை. திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, அந்தப் பெண் விஷயத்தில் யார் எங்கே ஓடினார்கள் என்று கேட்டீர்கள். நான் காட்டினேன். அலமாரியிலிருந்து அடுத்த வார்டு வரை நீங்களே ஒருதரம் நடந்து பார்த்தீர்கள். திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. நேராக ஸ்டோருக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் என்னைக் கண்டம் ஷெட்டுக்குக் கூப்பிட்டீர்கள். உடைந்த கட்டில்கள், துருப்பிடித்த ஸ்டாண்டுகள், சக்கரம் போன ஸ்ட்ரெச்சர்கள் என்று ஆஸ்பத்திரி ஒதுக்கியதெல்லாம் குவிந்து கிடக்கும் தகரக் கொட்டகை. கையில் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். அரசாங்கத்தின் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஜாதகம் எழுதி வைத்திருக்கும் புத்தகம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலுக்குள் இறங்கி, வட்டமான பழைய தகர டிரம் ஒன்றை இழுத்தீர்கள். முன்காலத்தில் பஞ்சும் துணியும் வேகவைத்து அடைத்துவைக்கிற டிரெஸ்ஸிங் டிரம். அடியில் ஓட்டை. பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் பிரசவ அறை என்றும் ஒரு நம்பரும். அந்த நம்பர் ரிஜிஸ்டரில் இன்னும் உயிரோடு இருந்தது.

"இந்தா. அவசரத்துக்கு வோணுங்கற சாமான் வக்கிற பாத்திரம், பிரசவ ரூமோடது. இதான் உன் பழசு. ஒப்படைச்சுக் கையெழுத்துப் போடு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் இதைச் செய்யாமல் ஏன் என்னை அலைக்கழித்தீர்கள் என்று கேட்டேன். அந்த டிரம்மின் மேலேயே உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"வேலைக்கு வந்த புதுசும்மா. செம மழ. கீழ் வார்டுல தண்ணி பூந்துடுச்சு. ஜனங்க நடுங்கிக்கினு கெடக்குது. பேப்பர் இல்லாம நாப்பது போர்வ எடுத்துக் குடுத்துட்டேன். பதினோரு வருசம் என்கொய்ரி. சாவி இல்லன்னு சொல்லிட்டு வூட்டுக்குப் போனான் பாரு இன்னொருத்தன், அவன ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. குடுத்தவனத்தான் கேப்பாங்க."

அதுவரை உங்களைச் சுவர் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை எடுத்துக் கொடுத்து அடி வாங்கிய மனிதர் என்று அன்றுதான் தெரிந்தது. ஃபைலில் எழுதிய அத்தனை பேருக்கும் இப்படி ஒரு போர்வைக் கதை இருந்திருக்கும். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன், வேலைக்கு ஆகும் என்று.

மருந்துக்கு நோயாளியின் பெயர் வேண்டுமே என்றேன். நீங்கள் கொஞ்சநேரம் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தீர்கள். பிறகு மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் புத்தகத்தைத் திறந்து, நோயாளியின் பெயர் என்ற கட்டத்தில் மராத்தியில் எழுதினீர்கள்: அடுத்து வரப்போகும் தாய். பக்கத்தில் பென்சிலால் ஒரு கட்டம் கூடுதலாக இழுத்தீர்கள். மருந்து செலவானதும் உண்மையான பெயரை அதில் எழுத வேண்டும். கீழே கையெழுத்து. அதிகாரிகள் யாரும் அதுவரை போட்டிருக்கவில்லை. உங்கள் பெயர் மட்டும் தனியாக நின்றது.

பெட்டி வந்தது. சிவப்பு பெயிண்ட், உள்ளே கறுப்புக் கோட்டில் வடிவங்கள். மௌசிகள் அன்றே லால் டப்பா என்று பேர் வைத்துவிட்டார்கள். இனி நாம் செய்த கூத்தைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. பெட்டியோடு கனமான பித்தளைப் பூட்டு ஒன்றையும் இரண்டு சாவிகளையும் பெருமையாக என்னிடம் கொடுத்தீர்கள். நானும் பெருமையாக, சாவி வாங்கிக்கொண்டதற்குத் தனியாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சாவி உறையில் போட்டு அரக்கு வைத்து ஆபீசுக்குப் போனது. ஒன்று ஷிஃப்ட் சிஸ்டரின் பையில். அவசரத்துக்கு என்று செய்த பெட்டியைப் பூட்டிவிட்டு, இரண்டு பேரும் டீ குடித்துக் கொண்டாடினோம். அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த மூளை வரும். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டார், "ஸ்பேனருக்குப் பூட்டா?" என்று. அவருக்கு ஆஸ்பத்திரி பற்றி என்ன தெரியும் என்று அடக்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம். மதியம் இரண்டு மணி, ஷிஃப்ட் மாறும் நேரம். போசரியில் லேத் ஓட்டுபவரின் மனைவி, சுனந்தா. தலைப்பிரசவம். குழந்தை வந்த கையோடு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. நான் பெட்டியிடம் பாய்ந்தேன். பூட்டு. சாவி, காலை ஷிஃப்ட் முடித்துப் போன சிஸ்டரின் பையில். அவள் பஸ் ஏறியிருந்தாள். ஆபீஸ் உறையை எடுக்க ஆள் ஓடியது. அதே ஓட்டம், அதே அலறல். இந்த முறை பூட்டியவள் நானேதான்.

மாதச் சரிபார்ப்புக்காக நீங்கள் அன்று வராந்தாவில் ரிஜிஸ்டரோடு நின்றிருந்தீர்கள். என் குரல் கேட்டிருக்கும். ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் இரும்பு ஸ்பேனரைச் சுவரிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே வந்தீர்கள். திரை, வாசல் ஒன்றையும் பார்க்கவில்லை. மூன்றே அடி. அரசாங்கப் பூட்டு தெறித்து விழுந்தது. மூடியைத் திறந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குத் தலை நிமிர்கிறது. என் கை எதையும் தேடவில்லை. நீட்டிய இடத்தில் குழாய், நீட்டிய இடத்தில் கையுறை, நீட்டிய இடத்தில் மாத்திரை. டாக்டர் கேட்பதற்குள் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தியும் அறையைவிட்டு வெளியே ஓடவில்லை. ரத்தம் குறைந்தது. நின்றது. சுனந்தாவின் உதட்டில் நிறம் வந்தது. "பாணி" என்றாள். தண்ணீர் கேட்ட அந்தக் குரலைவிட இனிமையான குரலை நான் கேட்டதில்லை.

வெளியே வந்து பார்த்தால் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மடியில் உடைந்த பூட்டு.

"பொண்ணு?"

"இருக்காண்ணா. தண்ணி கேட்டா."

தலையாட்டினீர்கள். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு பூட்டைத் தூக்கிக் காட்டினீர்கள். "பழசு கெடச்சிடுச்சும்மா. புதுசு வாணாம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர் வார்டு நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அன்றே ரிஜிஸ்டரில் எழுதினீர்கள்: பூட்டு உடைந்தது, உடைத்தவன் நான், மாற்று தேவையில்லை. மூடிமேல் பெரிய எழுத்தில், இப்பெட்டியைப் பூட்டக் கூடாது. வாழ்நாள் முழுக்கச் சாவிக்கொத்தோடு நடந்த மனிதர் எழுதியது. பூட்டுக்குப் பதில் ஒரு காகிதப் பட்டை ஒட்டினோம், ஷிஃப்டுக்கு ஒரு கையெழுத்து. கிழித்தால் தெரியும், கிழிக்க ஒரு விரல் போதும். திருட்டுப் போகும் என்று பயமுறுத்தியவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரே ஒருமுறை கத்தரிக்கோல் காணாமல் போனது. அதன் வடிவம் காலியாகப் பல்லிளித்ததால் மதியத்துக்குள் பக்கத்து வார்டில் பிடித்துவிட்டோம்.

ஆடிட்டுக்கு வந்தவர் இண்டென்ட் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போய் நின்றார். "யார் இந்தப் பேஷண்ட்? ஒரே ஆளுக்கு இத்தனை தடவை ரத்தப்போக்கா?" நீங்கள் பக்கத்துப் பென்சில் கட்டத்தில் விரலை வைத்தீர்கள். "பஹா சாஹேப், பாருங்கள். முதலில் எழுதும்போது அவள் வரவில்லை. அப்புறம் வந்தாள். சுனந்தா. இது அடுத்தவள், இது அதற்கடுத்தவள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்" என்று மராத்தியில் சொன்னீர்கள். அவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். எதுவும் எழுதாமல் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். உங்களை மாட்டிவைக்கத்தான் கொண்டுபோகிறார் என்று நான் பயந்தேன். மூன்று மாதத்தில் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியைப் பார்க்க ஆள் வந்தது.

இன்றைய உத்தரவில் அந்தக் கட்டம் அச்சிலேயே இருக்கிறது, அண்ணா. பூட்டக் கூடாது என்பதும் தனி வரியாக இருக்கிறது. உங்கள் பெயரோ என் பெயரோ எங்கும் இல்லை. தேடிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஆனால் வருத்தம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இப்போது இன்சார்ஜ் நான்தான். போன வாரம் நம் மௌசிகளில் மூத்தவள் என் மேஜைமுன் வந்து நின்றாள். ரத்த வங்கிக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு ஓடும்போது லிஃப்ட்காரர் நிறுத்துவதில்லை, வாட்ச்மேன் பாஸ் கேட்கிறார். கையில் மஞ்சள் பட்டை ஒன்று கட்டிக்கொள்கிறோம், அதைப் பார்த்தால் யாரும் தடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள் என்றாள். நன்றாக யோசித்திருந்தாள். எந்த மாடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று விரல்விட்டுச் சொன்னாள்.

"இதுக்கு ரூல் இருக்கா மௌசி?" என்றேன்.

சொன்னபிறகுதான் கேட்டது. அச்சு அசலாக உங்கள் குரல், அண்ணா. மேஜையும் சாவியும் வந்ததும் எனக்கும் அது வந்துவிட்டிருக்கிறது. மௌசி தலையைக் குனிந்துகொண்டு திரும்பப் போனாள். கூப்பிட்டு உட்காரவைத்தேன். காகிதம் எடுத்து அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். முன்னுதாரணம் என்ற இடத்தில், இல்லை, இதுவே முதல் என்று எழுதினேன். மேலே யாரிடமும் இன்னும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், கீழே என் பெயர் மட்டும் தனியாக நின்றது.

நேற்றிலிருந்து மௌசிகள் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். லிஃப்ட் நிற்கிறது. யாராவது கேட்டால் என்னைக் கேட்கட்டும்.